இரவல் எலிகள்

தணிகாசலத்துக்குப் பொய் சொல்ல வராது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற அதைவிட வராது. யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் சர்க்கார் நெல் கேட்பதை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வேண்டியது போக மிச்சத்தை அளந்துவிட வேண்டும் என்று உத்தரவு. அவருக்கோ ஆவணியில் மகள் கல்யாணம். வந்தவர்களுக்கு வயிறாரச் சோறு போடாமல் திருத்தணியில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? பத்து மூட்டை நெல்லை உள்ளறையில் அடுக்கி, முன்னால் தன் கையாலேயே மண்சுவர் எழுப்பி, அதில் முருகன் படத்தை மாட்டிவிட்டார்.

திங்கட்கிழமை கொள்முதல் இன்ஸ்பெக்டர் நாகேந்திரன் வந்தார். "விளைச்சலுக்கும் இருப்புக்கும் பத்து மூட்டை உதைக்குதே?" என்று கேட்டார்.

தணிகாசலத்தின் வாயில் வந்தது ஒரே சொல்தான். "எலிங்க."

"பத்து மூட்டையுமா?"

"ஊர்ப்பட்ட எலிங்க. பட்டப்பகல்ல கோலாட்டம் ஆடிகினு கீதுங்க."

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். அப்படியே எழுதிக்கொண்டார். "வியாழக்கிழமை நேர்ல பாத்துட்டு எலிச் சேதம்னு தள்ளிடறேன்" என்று கிளம்பிவிட்டார். அதற்கப்புறம்தான் தணிகாசலத்துக்கு உறைத்தது. அந்த வீட்டில் எலியே கிடையாது.

காரணம் அவர் மனைவி கோவிந்தம்மாள். விரல் நுழையும் பொந்தைக் கண்டால் போதும், கண்ணாடித் தூளை மண்ணில் குழைத்து அடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். யார் வீட்டுக்குப் போனாலும் மூலையில் எலிப்புழுக்கை கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். "எங்க வூட்ல எலி வாலைக் கூடப் பாக்க முடியாது" என்று அவள் பெருமை பேசாத கல்யாண வீடும் இல்லை, எழவு வீடும் இல்லை. நல்ல வேளையாக, பத்திரிகை வைக்க மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிப்பட்டுக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமைதான் திரும்புவாள்.

செவ்வாய்க்கிழமை தணிகாசலம் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஞானப்பிரகாசத்தின் வீட்டுக்குப் போனார்.

"வாத்தியாரே, நாலு எலி இரவல் வேணும்."

ஞானப்பிரகாசம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவர் வீட்டு எலிகள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போட்டுப்போகும் கோட்டின் ஒரு கையைத் தின்று முடித்து, மறு கையை ஆரம்பித்திருந்தன. "நாலு என்னாங்க, கூண்டுல ஏழு கீது. அப்படியே தூக்கிகினு போங்க. தயவு பண்ணித் திருப்பித் தந்துடாதீங்க."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கூண்டைத் திறந்துவிட்டார் தணிகாசலம். ஏழும் பறந்தன. அதோடு சரி. புதன்கிழமை முழுக்க ஒரு மீசை கூடக் கண்ணில் படவில்லை. முட்டி போட்டுக் கட்டிலுக்கடியில் தேடினார். பொரி இறைத்தார். வீட்டில் யாரும் இல்லை என்ற தைரியத்தில் "வாங்கடா ராசா" என்று கூப்பிட்டும் பார்த்துவிட்டார். எலிகளுக்கு வேறு வேலை இருந்தது.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ஒரு நாள் முன்னதாகவே ஊரிலிருந்து வந்து நின்றாள் கோவிந்தம்மாள். பின்னால் மகள்.

"எலிச் சேதம் பாக்க வந்தேம்மா."

"எலியா? எங்க வூட்லயா?" தணிகாசலம் இருமினார், கண்ணடித்தார், தலையைச் சொறிந்தார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. "சர்க்கார் காயிதத்துல என் வூட்ல எலின்னு எழுதிகினு கீறீங்களா? வாங்க ஐயா, மூலை மூலையா காட்டறேன். ஒரு பொந்து இருந்தா என் பேரை மாத்திக்கறேன்."

சமையலறையைக் காட்டினாள், பரணைக் காட்டினாள். அந்த வேகத்தில் உள்ளறைக்கே கூட்டிப் போய்விட்டாள். முருகன் படத்தைக் கண்டதும் இன்ஸ்பெக்டர் கைகூப்பிக் கண்ணை மூடினார். படத்துக்குக் கீழே சுவர் கொஞ்சம் உதிர்ந்தது. ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. பின்னாலேயே நெல் பொலபொலவென்று கொட்டி இன்ஸ்பெக்டரின் பாதத்தை மூடியது. சர்க்கார் கண்ணில் படாததை வாத்தியார் வீட்டு எலிகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டன.

 மகளின் கல்யாணச் சோறு போயிற்று என்று தணிகாசலம் உட்கார்ந்துவிட்டார். கோவிந்தம்மாள் நெல்லைப் பார்க்கவில்லை, எலியைத்தான் பார்த்தாள். அவமானத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து நொறுக்கினாள்.

"ஐயா, இதுல கண்ணாடித் தூள் இல்ல. இந்தச் சுவரு நான் வெச்சது இல்ல. இந்த மனுஷன் வெச்சது. அதை எழுதிக்கோங்க."

இன்ஸ்பெக்டர் நெல்லைப் பார்த்தார். முருகனைப் பார்த்தார். மூலையில் விசும்பிக்கொண்டிருந்த கல்யாணப் பெண்ணையும் பார்த்தார். "அம்மா, எலி வாய் வெச்ச நெல்லைச் சர்க்கார் எடுத்துக்காது. இதுல எலி பட்டது எத்தனை மூட்டை? நீங்க சொல்றதைத்தான் எழுதப்போறேன்."

தணிகாசலம் மனைவியின் முகத்தையே பார்த்தார். அவள் மகளைப் பார்த்தாள். கையில் ஒட்டிய மண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பத்தும்தான் ஐயா" என்றாள் கடைசியில். "எங்க வூட்ல... எலி கீது."

ஆவணியில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. சோறு மலைபோல் குவிந்திருந்தது. எலி யார் வீட்டிலிருந்து வந்தது என்று தணிகாசலம் அன்றைக்கே மனைவியிடம் உளறிவிட்டிருந்தார். பந்தியில் கோவிந்தம்மாள் ஓர் இலை விடாமல் குனிந்து உபசரித்தாள்.

"நல்லா சாப்பிடுங்க. அது எங்க வூட்டு எலி இல்லீங்க. இரவல்."

கடைசி இலையில் ஞானப்பிரகாசம் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.