ஓடையில் விட்ட அமிலம்

ஏமஸ் பில்லிங் கட்டிய கோபுரத்தை அரசாங்க ஆய்வாளர் வாய் நிறையப் பாராட்டிவிட்டுப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. லங்காஷயரில் ஒரு சலவைச் சோடா ஆலை. அதன் ரசாயன நிபுணர் அவர். ஆலை உலையில் எழும் அமிலப் புகை ஊர் மரங்களையெல்லாம் கருக்கிக்கொண்டிருந்தது. உயரக் கோபுரம் கட்டி, உள்ளே தண்ணீரை ஒழுகவிட்டு, அந்தப் புகையைப் பிடித்துவிட்டார் மனிதர். பிடித்த அமிலத்தை எங்கே விடுவது? 1863இல் வந்த சட்டம் புகைபோக்கியை மட்டும்தான் பார்த்தது. அதனால் ஓடையில் விட்டார்கள்.

அந்த ஓடை ஆலைக் கழிவு மேட்டை நனைத்துக்கொண்டு, தொழிலாளர் வீடுகளுக்கு அடியில் சாக்கடையாக ஓடுகிறது. கழிவில் அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு விஷவாயு கிளம்பும். ஏமஸுக்குத் தெரியாததா? கோபுரம் கட்டுகிற மும்முரத்தில் யோசிக்கவே இல்லை. படித்தவன் முட்டாள்தனம் என்றால் இதுதான். முதல் வீட்டில் அவர் மகள் கெசையா, பிறந்து எட்டே நாளான குழந்தையோடு இருந்தாள்.

இன்று காலை ஓடைப் பக்கம் அந்த நாற்றம் அடித்தபோதுதான் உறைத்தது. மேலாளர் கிராப்பரிடம் ஓடினார். "ஒரு வாரத்துக்கு மட்டும் ஓடையில விடாதீங்க சார்."

"அப்புறம் எங்கய்யா விடுறது, உன் தொப்பியிலயா? மேல விட்டா ஜட்ஜு கேப்பாரு. கீழ விட்டா யாரு கேக்கறா?"

அங்கிருந்து நேரே மகள் வீடு. "கிளம்பும்மா, நம்ம வீட்டுக்குப் போயிடலாம்."

மகளின் மாமியார் மார்த்தா குறுக்கே வந்தாள். "நல்லா இருக்கே சம்பந்தி! புள்ள பெத்தவ தேவாலயத்துல ஆசீர்வாதம் வாங்குறதுக்கு முன்னாடி படி தாண்டுவாளா? ஞாயித்துக்கிழமை பாதிரியார் வரச் சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் பொறுங்க."

"இந்த வாடையில எப்படி இருப்பீங்க?"

"வாடையா? காலையில குடலப் புடுங்குச்சுப்பா," கெசையா சிரித்தாள். "இப்ப ஒண்ணுமே தெரியல. நின்னுடுச்சு."

ஏமஸுக்குப் புரிந்துவிட்டது. வாடை நிற்கவில்லை. மூக்குதான் மரத்துவிட்டது. வாயு மிஞ்சினால் அப்படித்தான்.

பிள்ளையைத் தூக்கினால் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். தொட்டிலிலிருந்து வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அலறிக்கொண்டு வந்தவள் வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"வாம்மா, அது விஷவாயு! உன் கால்ல விழறேன், வா!"

"தாண்டினா புள்ளைக்கு ஆகாதுப்பா. குடுத்துடுங்க, பால் குடிக்கிற நேரம்."

ஒரு கையில் குழந்தை வீறிட்டது. படிக்குத் திரும்பி வந்து, மறு கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பின்னாலிருந்து மார்த்தா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஏமஸ் வாய்விட்டு அழுதார்.

"தலை சுத்துதுப்பா," என்று கெசையா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் அவள் கால் படியைத் தாண்டவில்லை.