ஒன்பதாம் நம்பர் நாற்காலி

பெயிண்டர் மூச்சிரைக்க மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தபோது ஐந்து மணிக்கு இரண்டே நிமிடம் இருந்தது. நாலரைக்கே பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்ததில் கையைச் சரியாகக் கழுவவில்லை. தின்னரில் ஒரு முக்கு, துண்டில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். விரல் நுனியெல்லாம் இன்னும் வெள்ளை எனாமல் பிசுபிசுத்தது. மேஸ்திரி இன்றைக்கும் வாய்க்கு வந்ததைச் சொன்னார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதவில் ஒட்டியிருந்த காத்திருப்போர் பட்டியலைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய், ஒன்பதாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அது அவருடைய மகளின் நாற்காலி. பணம் கட்டிப் படிக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக நடக்கும் இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு அது. ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப் போட்ட பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், அதற்குப் பன்னிரண்டு நாற்காலிகள். கதவில் இருந்த பட்டியலிலோ முப்பத்தொரு பேர். மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டே பதினான்கு மாதம் காத்திருந்து வாங்கிய இடம். கடைசியில் ஒரு பரீட்சை உண்டு. தேறினால் அவர்களே வேலைக்குச் சொல்லி அனுப்புவார்கள். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் கிடங்குப் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துபோனது. மாவுக்கட்டு போட்ட டாக்டர், மூன்று வாரத்துக்குக் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

"சேர்ந்தாப்ல மூணு நாள் சீட்டு காலியா இருந்தா அடுத்த ஆளுக்குக் குடுக்கணும் சார். அதுதான் ரூலு. நான் என்ன பண்றது?" என்றாள் டீச்சர், அவர் விஷயத்தைச் சொல்லப் போன அன்று. அவளுக்கு இவர் மகளைவிட நாலைந்து வயதுதான் கூடுதல் இருக்கும். தன்னை யாராவது 'சார்' என்று கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தபடியே பெயிண்டர் சொன்னார்:

"காலியா இருந்தாத்தானே டீச்சர்? நான் வந்து உக்காந்துக்கறேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, பட்டியலை ஒரு முறை பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். "சும்மா உக்கார முடியாது. உக்காந்தா அடிக்கணும்."

இப்படித்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். முதல் நாள் ஒரு பட்டனை அழுத்திவிட்டு விரலை எடுக்க மறந்துபோனார். ஒரே எழுத்து எறும்பு வரிசை மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. திருதிருவென்று விழித்தவருக்குப் பக்கத்து நாற்காலிப் பெண்தான் வலது மூலையைக் காட்டினாள். "அழிக்கிற பட்டன் இருக்கு மாமா, பயப்படாதீங்க. என்ன தப்பு பண்ணாலும் போயிரும்." அன்றிலிருந்து அதுதான் அவருக்குத் துணை. ஆறு வரிப் பாடத்தில் அவர் ஒரு நாளும் இரண்டாவது வரியைத் தாண்டியதில்லை. ஒன்று அடிப்பார், மூன்று அழிப்பார். நாலு மாடிக்குச் சாரத்தில் தொங்கியபடி வேலை செய்கிற மனுஷனுக்கு இந்த ஒரு மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும். தனக்குப் பதிலாக அந்த முப்பத்தொரு பேரில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதற்குள் எவ்வளவோ கற்றிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த நினைப்பு வந்தால் விரல் இன்னும் தடுமாறும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கட்டிலிலிருந்து கேட்பாள்.

"எப்படிப்பா போச்சு?"

"ஜோரா போச்சு கண்ணு. டீச்சரே அசந்துட்டாங்க."

பொய்தான். ஆனால் வேறு என்ன சொல்வது? விழுந்த அன்றே அவள், "போகட்டும்பா, வேற யாராச்சும் படிக்கட்டும், உங்களுக்கு ஏன் கஷ்டம்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள். கஷ்டம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்காலியை விட்டுக் கொடுத்துவிடுவாள்.

படுத்த படுக்கையாக இருப்பவள் விரல் பழக வேண்டுமே என்று ஒரு பலகையில் கீபோர்டு வரைந்து எடுத்துப் போனார். சாண் போட்டு அளந்து, கட்டம் கட்டி, ஒவ்வொரு எழுத்தும் கடை போர்டு மாதிரி பளிச்சென்று. மகள் அதை வாங்கி முதல் வரிசையில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா இது, ஏ, பி, சி, டின்னு போகுது?"

"அங்க எல்லாம் கன்னாபின்னான்னு கலைஞ்சு கெடக்கு கண்ணு. உனக்குச் சிரமமா இருக்கும்னு நாந்தான் வரிசையா எழுதிட்டேன்."

"அய்யோ அப்பா! அது கலைஞ்செல்லாம் கெடக்கல. அது அப்படித்தான்!"

விழுந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். கட்டுப்போட்ட கால் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அதற்காகவே இன்னொரு தடவை தப்பாக எழுதலாம் போலிருந்தது பெயிண்டருக்கு. மறுநாள் பெயிண்ட் கலர்களைக் காட்டும் ஷேட் கார்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து, பலகைக்கு மறுபடி வெள்ளை அடித்து, சரியாக எழுதிக் கொடுத்தார். அதில் அவள் காலையும் மாலையும் தட்டிக்கொண்டே கிடந்தாள். தட்டினால் எதுவும் தெரியாத பலகை. சரியா தப்பா என்று சொல்லவும் ஆள் இல்லை.

பரீட்சை அன்று மகளை முதுகில் சுமந்து மூன்று மாடி ஏறினார். "இறக்கி விடுங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். "பாக்கட்டும்" என்றார். ஒன்பதாம் நம்பர் நாற்காலியில் உட்கார வைத்து, கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துவிட்டு, கதவோரம் போய் நின்றார்.

மகள் கீபோர்டில் கையை வைக்கப் போனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

எட்டிப் பார்த்த பெயிண்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் துண்டால் துடைத்துவிட்டுத்தான் எழுந்து வந்திருந்தார். ஆனாலும் எழுத்துகள் மேல் அங்கங்கே லேசாக வெள்ளை. வலது மூலையில் அழிக்கிற பட்டன் மட்டும் லேசாக இல்லை. பூச்சு மேல் பூச்சாக எனாமல் ஏறி, அதன் மேல் இருந்த அம்புக்குறிகூடத் தெரியாமல் முழுக்க வெளுத்துக் கிடந்தது.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"ஜோரா போச்சுன்னு சொன்னீங்களேப்பா."

பெயிண்டர் தலையைச் சொறிந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "பையில தின்னர் இருக்கு கண்ணு. ரெண்டு நிமிஷத்துல துடைச்சு விட்டுடறேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "வேணாம். இருக்கட்டும்."

"ஆரம்பிக்கலாம்" என்றாள் டீச்சர்.

பன்னிரண்டு கீபோர்டுகளும் ஒன்றாகச் சடசடத்தன. பெயிண்டருக்கு மற்ற எதுவும் கண்ணில் படவில்லை. ஊமைப் பலகையில் பழகிய அந்த விரல்கள் இப்போது திரையில் ஒவ்வொரு எழுத்தாக இறக்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது வரியில் மகள் சற்றுத் தயங்கினாள். அவளுடைய வலதுகைச் சுண்டுவிரல் நீண்டு அந்த வெள்ளைப் பட்டனுக்கு மேலே போய் நின்றது. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அடித்தது சரியாகத்தான் இருந்தது போல; விரல் அதைத் தொடாமல் திரும்பி வந்தது.