உப்பின் மேல் நின்ற வண்டி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. ஓருரோ நகரில் நான் குடியிருக்கும் வீட்டின் வாசலில் ஊதாச் சோளக் கஞ்சி விற்கும் நெமேசியா சொன்னது. சொன்னாள் என்பதுகூடச் சரியில்லை, கேட்டாள்.

"முடிவு தெரியல தம்பி. நீதான் கதை எழுதுறவனாச்சே, ஒரு முடிவு எழுதிக் குடு."

கஞ்சி ஆறுவதற்குள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அதன் பிறகு எத்தனையோ கோப்பை குடித்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "எங்கள் நாட்டுக்குக் கடல் இல்லை, ஆகவே—"

(அடித்துவிட்டேன். கடலை இழந்த துக்கத்தைப் பள்ளிக்கூடத்திலேயே போதுமான அளவு பாடியாகிவிட்டது.)

இரண்டாம் தொடக்கம்: "வெள்ளை வெளியில் ஒரு வெள்ளை வண்டி—"

(வண்டி பச்சை. அழகுக்காகப் பொய் சொல்லப் பார்த்தேன்.)

சரி, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நெமேசியாவின் கணவன் லிபோரியோ யாரோ ஒருவரின் மினி பஸ்ஸை ஓட்டி வந்தான். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பது இருவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து இருந்த ஆசை. போன கார்னிவல் திருவிழாவுக்கு முன்பு இருவருமாகப் பக்கத்து நாடான சிலிக்குப் போய், இக்கிக்கே துறைமுகத்தில் ஒரு பழைய ஜப்பான் வேனை வாங்கினார்கள்.* ஜப்பானில் வலப்பக்கம் இருந்த ஸ்டீயரிங்கை அங்கே ஒரு பட்டறையில் இடப்பக்கம் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அது இருந்த இடத்தில், நெமேசியாவின் முழங்காலுக்கு நேரே ஒரு குழி. அதில் அவள், குளிருக்கும் பசிக்கும் மெல்லும் கொக்கா இலைப் பையைச் செருகி வைத்துக்கொண்டாள்.

* திருட்டு வண்டி இல்லை, காசு கொடுத்து வாங்கியது. இவ்வளவு வயதான வண்டிக்கு எங்கள் நாட்டில் அனுமதி இல்லாததால் பதிவுக் காகிதம் மட்டும் கிடையாது. அதனால் சாலையை விட்டுவிட்டு, கொய்பாசா உப்பு வெளி வழியாக வீட்டுக்கு ஓட்டி வர வேண்டும். எங்கள் ஊரில் பாதி வண்டிகள் அப்படி வந்தவைதான். இந்த வித்தியாசம் விளங்காதவர்கள் மேற்கொண்டு படிப்பதில் பயனில்லை.

3

அவர்கள் கார்னிவல் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று எல்லையில் கெடுபிடி இருக்காது. எல்லோரும் செய்யும் கணக்குதான். ஆனால் கார்னிவல் மழைக்காலத்தில் வருகிறது. உப்பின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், அடியில் உப்பு எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரியாது. ஓட்டிக்கொண்டே இருந்தால் தப்பலாம். நிறுத்தக் கூடாது. அது லிபோரியோவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அதே செவ்வாய்க்கிழமைதான் வீடு, கடை, வண்டி எல்லாவற்றுக்கும் காகிதச் சுருள் சுற்றி, பீர் ஊற்றிப் பூமித்தாய் பச்சமாமாவுக்குப் படைக்கும் நாள். அன்று படையல் பெறாத வண்டி ஆளைத் தின்னும் என்பார்கள். நானும் வீட்டுக் கதவுக்கு ஊற்றுகிறேன். கேட்டால் நம்பிக்கை இல்லை என்பேன்.

முதலில் லிபோரியோதான் வண்டியை நிறுத்தச் சொன்னதாக எழுதினேன். நெமேசியா மீது பழி விழக் கூடாது என்ற நல்லெண்ணம். படித்துக் காட்டியதும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவன் சொல்லல. நான்தான் சொன்னேன். நீ எனக்காகப் பொய் எழுத வேண்டாம்."

ஆகவே, மாற்றி எழுதியது:

"நிறுத்துய்யா."

"இங்கயா? கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?"

"இன்னிக்குச் செவ்வாய். ஊர்ல கழுதைக்குக்கூடச் சுருள் சுத்தி ஊத்துறாங்க. நம்ம வண்டி மட்டும் காஞ்ச வாயோட வரணுமா?"

"வீட்டுல போய் ஊத்திக்கலாம்டி."

"போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். பசியோட விட்டா அவ யாரையாவது எடுத்துக்குவா."

"என்னை எடுத்துக்கட்டும். நீ நிம்மதியா இரு."

சிரித்துக்கொண்டே நிறுத்தினான். (இந்த வேடிக்கைப் பேச்சை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். நான் ஜோடித்தது என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். ஆனால் அவன் அப்படித்தான் சொன்னானாம்.)

4

நான்கு சக்கரத்துக்கும் பீர் ஊற்றினார்கள். கண்ணாடியில் சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதச் சுருளைக் கட்டினார்கள். மிச்சத்தை ஆளுக்குப் பாதி குடித்தார்கள். அந்த நேரத்தில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை அவள் என்னிடம் மறைக்கவில்லை. பின்பு லிபோரியோ வண்டியைக் கிளப்பினான். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது, உப்பு உடைந்து வண்டி சாய்ந்தது.

சாப்பாட்டுத் தட்டால் தோண்டினார்கள். தோண்டத் தோண்டச் சேறுதான் வந்தது. கடைசியில் அவன் சொன்னான்:

"நீ அந்த மலையைப் பார்த்து நட. அடிவாரத்துல ஊர் இருக்கு, டிராக்டர் கூட்டிட்டு வா. நான் வண்டியோட இருக்கேன். விட்டுட்டு வந்தா டயர்கூட மிஞ்சாது."

"குளிருமே லிபோ."

"உன் கொக்காவை மட்டும் வச்சிட்டுப் போ."

அவள் பையை வைத்துவிட்டு நடந்தாள். உப்பு காலை அறுத்தது. திரும்பிப் பார்த்தபோதெல்லாம் வண்டி தெரிந்தது, அங்கே எதையும் மறைக்க எதுவும் இல்லை. அதன் பிறகு உப்பு வெளியில் சூரியன்—

(வேண்டாம். பார்க்கிற எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.)

மறுநாள் காலை ஆட்களோடு வந்தாள். வண்டி சாய்ந்தபடியே நின்றது. கதவுகள் சாத்தியிருந்தன. சுருளின் சாயம் கண்ணாடியில் வழிந்திருந்தது. கொக்கா பை காலியாகக் கிடந்தது. லிபோரியோ இல்லை. தண்ணீரில் காலடி தங்காது.

5

இங்கே கதை நின்றுவிட்டது. நான் இரண்டு முடிவு எழுதினேன்.

முதல் முடிவு: குளிர் தாங்காமல் அவன் அவள் போன திசையில் நடந்தான். மூடுபனியில் திசை தப்பியது. உப்பு மெலிந்த ஓர் இடத்தில் அது அவனை உள்ளே வாங்கி, மேலே மூடிக்கொண்டது. படித்துக் காட்டினேன். அவள் கேட்டாள்:

"பசியோடயா போனான்?"

இரண்டாம் முடிவு: லிபோரியோவின் அண்ணன் கசியானோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது. அவனைச் சிலியில் காலாமாவில் பார்த்தார்களாம், லாரி ஓட்டுகிறானாம். வேறு சாயம் பூசிய வாழ்க்கை. அதையும் எழுதிப் படித்தேன்.

"அங்க அவனுக்கு யாரு சமைக்கிறா?" என்றாள்.

இரண்டு முடிவும் அவளைக் கொல்கின்றன. எழுத்தாளனுக்கு இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

6

தீர்மானிக்காமலே விட்டுவிட்டால் என்ன, திறந்த முடிவு என்று பாராட்டுவார்களே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவளிடம் அதைத்தான் சொன்னேன். கொதித்துவிட்டாள்.

"உனக்கென்னப்பா, காகிதம். எனக்கு அடுத்த வாரம் செத்தவங்க வீட்டுக்கு வர்ற சகல ஆன்மாக்கள் நாள் வருது. செத்தவன்னா நான் படையல் மேசை போடணும், ரொட்டி சுடணும், உச்சி நேரத்துக்கு அவன் பசியோட வருவான். மேசை இல்லன்னா கண்டவன் வீட்டுப் படியில நின்னு கெஞ்சுவான். உயிரோட இருக்கான்னா, இருக்கிறவனுக்கு மேசை போட்டா அது என்ன தெரியுமா? என் கையாலயே அவனைக் கொல்றது. ஒரு தடவை நிறுத்தச் சொன்னதே போதும் எனக்கு."

"கசியானோ சொல்றது நிஜமா இருந்தா, உன்னை விட்டுட்டுப் போனவன்தானே அக்கா. அவனுக்காகவா இவ்வளவு?"

"விட்டுட்டே போகட்டும். சாகாம இருந்தா சரி."

7

இன்று அக்டோபர் கடைசி நாள். தெருக்கோடி ரொட்டி அடுப்பில் வரிசை நீளமாக இருக்கிறது. நான் நெமேசியாவின் மாவுத் தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மாவைப் பிசைந்ததென்னவோ பிசைந்துவிட்டாள், வெறும் ரொட்டியாகவும் சுடலாம் என்று சொல்லிக்கொண்டாள். இறந்தவருக்கென்றால் ஆள் உருவமாக உருட்டி, சந்தையில் விற்கும் சின்னச் சுண்ண முகத்தைத் தலையில் பதிப்பார்கள். மீசை வைத்த முகம் ஒன்றை அவள் வாங்கி வந்திருக்கிறாள். அதை யாருக்கும் காட்டாமல் ஏப்ரன் பையில் பிடித்தபடி நிற்கிறாள்.

[இங்கே அவளைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் வர வேண்டும். நான்கு தடவை எழுதிப்—]

அவள் முறை வந்துவிட்டது. அடுப்புக்காரர் தட்டை நீட்டி, "உருவமா, வெறும் ரொட்டியா?" என்று கேட்கிறார். நெமேசியா என் முகத்தைப் பார்க்கிறாள். நான் எழுதியதில் எதை நம்புகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, நான் சொல்ல மாட்டேன். இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.