அடைத்த தோட்டம்

முதல் அச்சுத்தாளை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார் போதகர் ஹுய்பெர்ட். அவருடைய பக்தி நூலுக்காக லீவன் செப்புத் தகட்டில் செதுக்கிய படம் அது. சுற்றிலும் மதில், நடுவே நீரூற்று, லில்லிப் பூக்களுக்கிடையே வெள்ளாடையில் ஒரு பெண்: பாவம் அண்டாத ஆன்மா. எல்லாம் அவர் சொன்னபடிதான். மதிலின் கதவு மட்டும் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

"கதவை ஏன் திறந்து வச்சே?"

லீவன் கைகளை அங்கியில் துடைத்துக்கொண்டான். ஹார்லெம் நகரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அவன் மகள் அலெட்டா மணமாகாமல் ஒரு பிள்ளை பெற்றாள், பிள்ளை தங்கவில்லை. சபை அவளை விலக்கியது, நகர அதிகாரிகள் பெண்களை நூல் நூற்கவைக்கும் சிறையில் அடைத்தார்கள். போதகர் பரிந்து ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். அதை வாய்விட்டுக் கேட்கத் துணியாமல்தான் குளிர்காலம் முழுக்க அந்தக் கதவைச் செதுக்கியிருந்தான்.

"யாராவது திரும்பி வரலாமில்லையா, ஐயா."

போதகர் கெட்டவரல்ல. தாளை மெதுவாக மேசையில் வைத்தார். "சபை மூப்பர்கள்கிட்ட பேசிப் பாத்துட்டேன், லீவன். ஒருத்தரும் இறங்கி வரல. இனி நானும் கேக்க மாட்டேன். கதவைச் சாத்திடு. அந்த முகத்தையும் மாத்து. பாக்கிறவங்களுக்கு யாருன்னு தெரியுது."

அலெட்டாவின் முகத்தை அவன் வேண்டுமென்று செதுக்கவில்லை. இப்போது பார்த்தபோதுதான் அவனுக்கே தெரிந்தது.

போதகர் போனதும் அடுப்படியிலிருந்து அவன் மனைவி ஹில்லகொண்டா வந்து நின்றாள்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேற ஆளை வச்சு மூடுவாரு."

"மூடட்டும். வேற ஆளு மூடினதா இருக்கும்."

அவன் தகட்டை எடுத்து வைத்துக்கொண்டான். கதவு சுலபமாகவே மூடியது. இடைவெளியில் நெருக்கமாகச் சில கோடுகள், அவ்வளவுதான். முகத்துக்குத்தான் சுரண்டுகத்தி தேவைப்பட்டது. சுரண்டிய இடம் குழிந்துபோக, தகட்டைக் கவிழ்த்துப் பின்பக்கம் சிறு சுத்தியால் தட்டி மேலெழுப்பினான். மறுபடி திருப்பியபோது தோளுக்கு மேலே வெறும் செம்பு பளபளத்தது.

கண்கள் அழியும்வரை ஹில்லகொண்டா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கால்வாய்க்கு இறங்கினாள். கடப்பாரையால் பனிக்கட்டியை உடைத்து நீர் மொண்டாள். உடைத்த இடத்தையே பார்த்தபடி நின்றாள். ஓரங்களிலிருந்து மெல்லிய பனியேடு படிந்து, கறுத்த தண்ணீரின்மேல் மெதுவாக நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.