ஆறு விசில்

மத்திய வங்கியின் வட்டி முடிவு எங்கள் வீட்டுக் குக்கர் வழியாகத்தான் வரும். இரண்டு விசில் என்றால் வட்டி குறைகிறது, மூன்று என்றால் மாற்றமில்லை, நான்கு என்றால் ஏறுகிறது. சூளைமேட்டில் எத்தனையோ குக்கர்கள் இருக்க, எங்களுடையதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அது பிசிறில்லாமல் அடிக்கும் என்பதுதான். என் கல்யாணத்துக்கு வந்த குக்கர்.

வங்கியிலிருந்து சபாபதி என்ற அதிகாரி தினமும் வந்து அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். சேனல்காரர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். முடிவு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். சந்தைக்கு அந்தப் பொறுமை ஏது? ஒருநாள் வெயிட் போடுமுன் குக்கர் லேசாகச் சீறியதற்கே வங்கிப் பங்குகள் சரிந்தன. அதிலிருந்து சோற்றைப் பானையில்தான் வடிக்கிறேன்.

எனக்கு இதில் புகார் எதுவும் இருக்கவில்லை, பியூலா வரும்வரை.

பியூலா என் மகள். ஏழாம் மாதம், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எதைத் தின்றாலும் வாந்தி. மாதம் ஏறுகிறது, எடை இறங்குகிறது. டாக்டரம்மா என்னைத்தான் முறைக்கிறார். பிள்ளை கேட்பது ஒன்றே ஒன்று, கொண்டைக்கடலைக் குழம்பு. பானையில் வேகவைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கும்மா" என்று தட்டை நகர்த்திவிட்டாள்.

கடலை மசிய ஆறு விசில் வேண்டும்.

பக்கத்து வீட்டு ரஞ்சிதத்தின் குக்கரில் வைக்கலாமென்றால், போன மாதம் அவள் பருப்பு வைத்ததற்குத் தங்கம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை சந்தை மூடியிருக்கும்போது வைக்கலாமென்றால், திங்கள் காலை வரை பயம் ஊறிக்கொண்டே இருக்கும், கடலை மாதிரி. ஆறு பட்டியலிலேயே இல்லை என்றார் சபாபதி. நான்கைக் கண்டுகூடச் சந்தை இவ்வளவு பயப்படாதாம், அர்த்தமில்லாததைக் கண்டுதான் பயப்படுமாம். என் வீட்டுக்காரர் ரிட்டயர்மென்ட் பணம் முழுவதையும் பங்கில் போட்டிருக்கிறார். பிள்ளை இட்லி சாப்பிடட்டுமே என்று மெல்ல ஆரம்பித்தார். ஒரு பார்வை பார்த்தேன். பேப்பரை விரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை சேனல்காரர்களைக் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னேன்:

"வெள்ளிக்கிழமை காலை ஆறு விசில் வரும். கொண்டைக்கடலை."

சந்தை விழுந்தது. டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து கடலைக்கு உள்ளர்த்தம் தேடினார்கள். கறுப்பா வெள்ளையா என்று நான் சொல்லாமல் விட்டதை ஒருவர் பிடித்துக்கொண்டார்.

செவ்வாயன்றும் அதே வார்த்தைகளைச் சொன்னேன். கான்வென்டில் எலக்யூஷன் வகுப்பில் முகம் அசையாமல் பேசப் பழக்கியிருந்தார்கள்; அது இத்தனை வருஷம் கழித்து உதவியது. சந்தை கொஞ்சம்தான் விழுந்தது. புதனன்று நின்றது. வியாழனன்று நான் வாயைத் திறக்கும்போதே ஒரு நிருபர் கொட்டாவி விட்டார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் சாயங்காலம் எவனோ ஏழு விசில் என்று கிளப்பிவிட்டான். நான் மறுக்கவில்லை. கடலையை ஊறப்போட்டேன்.

வெள்ளிக்கிழமை சந்தை திறந்ததும் அடுப்பைப் பற்றவைத்தேன். மூன்று விசில் வரை யாரும் அசையவில்லை. நான்காவதில் சபாபதி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவதில் என் வீட்டுக்காரர் பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். ஆறாவது வந்தது. அடுப்பை அணைத்தேன்.

ஏழாவது வரவில்லை. சந்தை ஏறியது.

ஆவி தானாக அடங்கட்டும் என்று அத்தனை பேரையும் காக்கவைத்தேன். பிறகுதான் மூடியைத் திறந்து குழம்பு கூட்டினேன். பியூலா ஒரு கடலையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தாள். அப்புறம் நிமிரவேயில்லை. இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். சாப்பிட்டது உள்ளேயே தங்கியது. மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டியவள் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள்.

"உதைக்குதும்மா."

சபாபதி அடுப்புப் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தூக்கிவந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். சேனல்காரர்கள் மைக்கைத் திருப்பினார்கள்.

"எத்தனைம்மா?" என்று கேட்டார் சபாபதி.

"மூணு" என்றாள், வாயில் கடலையோடு.

மாற்றமில்லை என்று அவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குக்கரைக் கழுவி, மத்தியானத்துக்குப் பருப்பு வைத்தேன். எத்தனை விசில் வந்ததென்று யாரும் எண்ணவில்லை.