மருந்தடிக்காத இலை

புழுவைக் கொல்ல எனக்குத் தயக்கமே கிடையாது. அதைப் பார்க்கத்தான் முடியாது. அதிலும் கென்னிப் செடியில், கறியைச் சுற்றித் தின்னும் அந்த வாசனை இலையில், வரும் பச்சைப் புழு இருக்கிறதே, இலையின் அடிப்பக்கத்தை நூல் கட்டி மடித்து, அந்த மடிப்புக்குள்ளேயே தின்று, அங்கேயே கழிந்து, அதிலேயே புரண்டு கிடக்கும் சனியன். மடிப்பைப் பிரித்தால் கறுப்புக் கறுப்பாக அதன் கழிவு உதிரும்.

தேகு நகரத்தில் ஒரு நாலு மாடி வீட்டின் உச்சியில், மொட்டை மாடி அறையில், நானும் என் கணவர் தொக்சுவும் வாடகைக்கு இருக்கிறோம். மண் மூட்டைகளை முழங்கால் தேயச் சுமந்து மேலேற்றித் தொட்டி வைத்தவள் நான். எனக்கென்று இந்த ஊரில் இருக்கும் மண் அவ்வளவுதான். அதில் விளையும் கென்னிப்பைத் தினமும் பச்சையாகத் தின்கிறோம், மருந்தடிக்க மனசு வரவில்லை. அதனால் காலையில் எழுந்ததும் பழைய சாப்பாட்டுக் குச்சிகளோடு உட்கார்ந்து, புழுக்களைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவேன். இலைப்பேனுக்கு முட்டை மஞ்சள் கருவையும் எண்ணெயையும் நன்றாக அடித்து, தண்ணீரில் கலந்து தெளிப்பேன். ஓடில்லாத நத்தைகளுக்கு மக்கோலி. அரிசிக் கள் வாசனைக்கு ஊர்ந்து வந்து கிண்ணத்தில் விழுந்து, விடிவதற்குள் ஊதி வெளுத்துக் கொழகொழவென்று மிதக்கும். அதைக் கொட்டிவிட்டு வந்தால் எனக்குக் காலைச் சோறு இறங்காது.

"நான் குடிக்க வேண்டியத நத்தைக்கு ஊத்துற. அதுங்களாவது போதையில சாகுதுங்க, எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல" என்பார் தொக்சு. கிண்ணத்தைக் கொட்ட மட்டும் வரமாட்டார்.

வீட்டுக்காரி ஓக்புன் அக்கா இரண்டாவது மாடியில் இருக்கிறாள். கிம்ச்சி ஊறுகாய்க்கான மிளகாயை மொட்டை மாடியில்தான் பாய் விரித்துக் காயவைப்பாள். ஒருநாள் அந்தப் பாயில் என் புழு ஒன்று உலாப் போயிருக்கிறது. வெறும் விரலால் அதைப் பிடித்துக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஏம்மா, உன் செல்லப்பிள்ள என் மிளகாய்ல ஊருது. ஒண்ணு மருந்தடி. இல்லன்னா தொட்டியெல்லாத்தையும் கீழ இறக்கு."

"இனிமே வராதுக்கா. ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. ஒரு புழு இருக்கான்னு நீங்களே பாத்துக்கங்க."

"பாக்கத்தான் போறேன். ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டாலும் மறுநாளே ஆளக் கூட்டிட்டு வந்து தூக்கிப் போட்டுருவேன்."

சொல்லிவிட்டு, புழுவைப் பிடித்த அதே விரலால் என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் மூன்று தடவை முகம் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை செடிகளை விட்டு நான் நகரவில்லை. ஒவ்வோர் இலையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினேன். அன்றைக்குப் பறித்ததை இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவித் தட்டில் அடுக்கினேன். தொக்சு அடுப்பைப் பற்றவைத்துப் பன்றி வயிற்றுக்கறியை வாட்டினார்.

அக்கா வந்தாள், உட்கார்ந்தாள், தின்றாள். கொழுப்பு வழியும் விரல்களை நக்கி நக்கி, தட்டில் இருந்த இலை முழுவதையும் காலி பண்ணினாள். வாயில் கறி இருக்கும்போதே பேசுகிற பழக்கம் வேறு. நான் பார்வையை அடுப்பின் மேல் வைத்துக்கொண்டேன்.

"வாசன தூக்குதேம்மா. ஒரு பூச்சி கூடக் காணோம்."

"அதான் சொன்னேனேக்கா. மருந்து ஒரு சொட்டு கிடையாது."

அதை நான் சொல்லியிருக்கவே கூடாது. அக்கா எழுந்து போய்ச் செடியிலிருந்து நேரடியாக நாலைந்து இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"குடுங்கக்கா, கழுவித் தரேன்."

"மருந்தே இல்லன்னா கழுவுறது எதுக்கு? இந்தா, இவ்வளவு கறி போட்டிருக்க, உனக்கு ஒண்ணு சுத்தித் தரேன்."

உள்ளங்கையில் இலையை வைத்து, கறி, பூண்டு, சோயா விழுது எல்லாம் வைத்து உருட்டி என் வாய்க்கு நேரே கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் ஒருவர் சுற்றி நீட்டியதை வேண்டாம் என்பது முகத்தில் அறைகிற மாதிரி. பாதியாகக் கடிக்கவும் கூடாது, முழுதாக ஒரே வாய். அப்போதுதான் பார்த்தேன். இலையின் ஊதா அடிப்பக்கம் வெளியே தெரிந்தது. நரம்பின் ஓரத்தில் வெள்ளை நூல் கட்டிய மடிப்பு. மடிப்பிலிருந்து ஒரு பச்சைத் தலை எட்டிப் பார்த்து இப்படியும் அப்படியும் ஆடியது.

தலையைத் திருப்பினால் அக்கா இலையைப் பார்ப்பாள்.

"ஆ காட்டு" என்றாள்.

காட்டினேன். அவளுடைய விரல் நுனியும் சேர்ந்தே உள்ளே வந்து போனது. மென்றேன். கறியோ பூண்டோ எனக்குத் தெரியவில்லை. மெத்தென்ற ஒன்று கடைவாயில் நசுங்கி, கசப்பாக ஏதோ கசிந்து நாக்கில் பரவியது. தொண்டை வரை வந்ததை அப்படியே திரும்ப விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. தொக்சு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாகக் குனிந்து கறியைத் திருப்பிப் போட்டார். பார்த்துவிட்டார் போல.

"பூண்டு காரமா? பாரேன், கண்ணே கலங்கிடுச்சு." அக்கா சிரித்தாள். "சரி, தொட்டியெல்லாம் இருக்கட்டும் போ. நல்லாத்தான் வச்சிருக்க."

எனக்கு உயிர் வந்தது. அவள் அடுத்த இலையைக் கையில் விரித்தாள், இந்தத் தடவை தனக்கு. கறியை எடுக்கக் குச்சியை நீட்டினாள். அந்த இலையின் அடியிலும், அவளுடைய கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே, வெள்ளை மடிப்பு ஒன்று மெல்ல அசைந்தது.

"அக்கா" என்றேன். "அதையும் எனக்கே குடுங்க."

"பேராசக்காரி" என்று சொல்லி, சந்தோஷமாக உருட்டினாள். நான் வாயைத் திறந்தேன்.