லாரன்ஸ் கேட்ட மூன்று மாதம்

திங்கட்கிழமை காலை அனந்தபுரத்தில் முதல் பிள்ளை ஏறியதிலிருந்து லாரன்ஸ், ஒவ்வொரு நிறுத்தம் தாண்டியதும் மறுபடி ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே பள்ளிப் பேருந்தை ஓட்டினார். எண்ணிக்கை விட்டுப்போனால் நினைவும் விட்டுப்போனது என்று தெரிந்துகொள்ளலாம். விட்டுப்போன பிறகு தெரிந்து என்ன பயன் என்று அவர் யோசிக்கவில்லை. பயந்தவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும்.

போன வியாழக்கிழமை ஏரிக்கரை வளைவில் அவருக்கு முன்னால் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. அடுத்த கணம் வளைவும் டிராக்டரும் பின்னால் இருந்தன. எப்போது முந்தினார், எதிரில் வண்டி வந்ததா, எதுவும் தெரியவில்லை. பின்னால் நாற்பத்தாறு பிள்ளைகள் வழக்கம்போல் கத்திக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் போனார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இதயம் நடுநடுவுல மூணு நொடி, நாலு நொடி நின்னுட்டு ஓடுது. உள்ள ஒரு சின்ன கருவி வெச்சா சரியாயிடும். வியாழக்கிழமை வந்து படுத்துடுங்க. அப்புறம் மூணு மாசம் ஓய்வு. அதுவரைக்கும் டூவீலர்கூட ஓட்டக் கூடாது. இன்னா வேலை பாக்கறீங்க?"

"ஸ்கூல்ல."

"வாத்தியாரா?"

லாரன்ஸ் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டம்.

ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது. அவர் பயந்தது அந்த மூன்று மாதத்தை நினைத்துத்தான். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருந்த அந்தப் பள்ளியில் அவர் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். டிரைவருக்கு விடுப்பு என்று ஒன்று அங்கே கிடையாது. வர முடியாதவர், தன் கூலியிலிருந்து கொடுத்து, தன் இடத்தில் ஓட்ட ஒருவரை அனுப்ப வேண்டும். அவருக்கு ஆக்டிங் டிரைவர் என்று பெயர். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சரி. மூன்று மாதத்துக்கு யாரும் கேட்டதில்லை. அதுவும் சம்பளத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். மகளின் திருமணத்தை முன்னிட்டு என்று தொடங்கியிருந்தார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் மனைவி ஜெயராணி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"பூசையில நன்மை அப்பம் வாங்கின வாய் இன்னும் காயல. அதுக்குள்ள பொய் எழுதறீங்களே. மாப்பிள்ளை யாருன்னாவது எனக்குச் சொல்லுங்க."

"நெஞ்சுல கோளாறுன்னு எழுதுனா, தாளாளர் 'நல்லா ரெஸ்ட் எடுப்பா'ன்னு சொல்லி அனுப்பிடுவாரு. இளையபெருமாளை அனுப்பின மாதிரி."

அதைக் கேட்டதும் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இளையபெருமாளின் கதை அந்த வீட்டில் பேசப்படாத ஒன்று. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பேருந்தை ஓட்டியவர் இளையபெருமாள். கால் முறிந்து படுத்தபோது அவர்தான் லாரன்ஸைக் கூப்பிட்டு, "ரெண்டு மாசம் ஆக்டிங் ஓட்டு தம்பி" என்று சாவியைக் கொடுத்தார். ஒன்றரை மாதத்தில் தாளாளர் லாரன்ஸை அழைத்து, நீயே நிரந்தரமாக இருந்துவிடு என்றார். லாரன்ஸ் சரி என்றார். காலை இழுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்த இளையபெருமாள், கேட்டிலேயே விஷயத்தைக் கேட்டுத் திரும்பிப் போனார். ஆக்டிங் டிரைவர் என்ன செய்வான் என்பது லாரன்ஸுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் ஓட்டக் கூடாது என்று தெரிந்தும் திங்கட்கிழமை ஓட்டினார். புதன்வரை சமாளித்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

ஓர் இறக்கத்தில் பிள்ளைகளை ஏற்ற நிறுத்தியபோது நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணியது அவருக்கு நினைவிருந்தது.

பிறகு யாரோ அலறினார்கள். பேருந்து இறக்கத்தில் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. பிரேக்கிலிருந்து அவர் கால் நழுவியிருந்தது. அழுத்தினார். நின்றது. படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இருந்த மோனிகா என்ற யூகேஜி பிள்ளையை மீனம்பாள் இடுப்போடு சேர்த்துத் தூக்கி உள்ளே இழுத்துப் போட்டிருந்தாள். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது மீனம்பாள் வேலை. பிள்ளையின் ஒரு செருப்பு மட்டும் சாலையில் கிடந்தது.

செருப்பை எடுத்து மாட்டிவிட்டு அவள் முன்னால் வந்தாள்.

"இன்னாண்ணே, அவ கால் இன்னும் கீழதான் இருக்குது, நான் ரைட்டே சொல்லல, வண்டி போவுது?" என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உடம்பு சரியில்லையா? வேர்த்துக் கொட்டுது."

"ஒண்ணுமில்ல. பத்து நிமிஷம். ஸ்கூல் வந்துடும்."

மீனம்பாள் கையை நீட்டி இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எறங்குண்ணே."

இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை. இறங்கிச் சாலையோரப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, நடந்தது அத்தனையும் அவளிடம் சொன்னார். எல்லாருக்கும் அற்புதம் நடப்பதில்லை. பலருக்குக் கடவுள், பக்கத்தில் நிற்கிற ஒருவரைத்தான் அனுப்பிவைக்கிறார்.

"நான் சார்கிட்ட சொல்லமாட்டேன். நீயே சொல்லு. ஆனா இன்னிக்கே சொல்லிடு" என்றாள் மீனம்பாள். பிறகு கன்னியப்பனுக்குப் போன் செய்தாள். பிள்ளைகளிடம், "வண்டிக்கு ஜுரம் அடிக்குது பாரு, யாரும் தொடாதீங்க" என்றாள்.

கன்னியப்பன் செஞ்சி கடைத்தெருவில் வாடகை வேன் ஓட்டுபவர். முப்பத்தைந்து வயது. நிரந்தர வேலைக்காக அந்தப் பள்ளிக்கே இரண்டு முறை நடந்தவர். பைக்கில் வந்து இறங்கி, ஒன்றும் கேட்காமல் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். லாரன்ஸ் பின்னால் போய் உட்கார்ந்தார். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிந்தது. கோட்டைச் சுவரைத் தாண்டும்வரை, அந்த இருக்கையில் எப்படிக் கச்சிதமாகப் பொருந்திவிட்டான் என்றுதான் கன்னியப்பனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளாளர் சுந்தரமூர்த்தியின் அறைக்கு வெளியே அரை மணி நேரம் நின்றார். இரண்டு முறை திரும்பி நடந்தார். உள்ளே போனதும் சட்டைப்பையிலிருந்த விண்ணப்பத்தை மேசையில் வைத்தார்.

"பொண்ணுக்குக் கல்யாணமா? சொல்லவே இல்ல?"

"இல்ல சார். அது பொய்." அவருக்கே தன் குரல் கேட்கவில்லை. நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னார். ஏரிக்கரையை, டாக்டரை, படிக்கட்டில் நின்ற பிள்ளையை.

சுந்தரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"சனிக்கிழமை."

"இன்னிக்குத் திங்கள். தெரிஞ்சே என் வண்டிய எடுத்திருக்கற." கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா அவங்கம்மா மூஞ்சியில எப்படிய்யா முழிப்ப? நான் எப்படி முழிப்பேன்?"

லாரன்ஸ் மேசைமேல் கிடந்த விண்ணப்பத்தைப் பார்த்தபடி தலை குனிந்து நின்றார்.

"நீ போ. உடம்பைப் பாரு. கன்னியப்பன் வந்திருக்கானாமே, அவனையே பர்மனென்ட்டா போட்டுக்கறேன். கூப்பிடு அவனை."

லாரன்ஸ் கதவுவரை போனார். கைப்பிடியைத் தொட்டவர் நின்றார். இனி இழக்க எதுவும் இல்லை என்று ஆன பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது.

"சார், நான் செஞ்சது பாவம். ஆனா ஏன் சொல்லலன்னு கேளுங்க. இளையபெருமாள் அண்ணன் உண்மையைச் சொல்லி லீவு கேட்டாரு. அவர் வேலை எனக்கு வந்துச்சு. அந்த பயத்துலதான் வாயை மூடிக்கினேன். இப்ப நீங்க என்னை அனுப்பிட்டா, இங்க மத்த ஏழு டிரைவருங்க இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தனுக்குக் கண்ணு இருட்டுனா அவனும் சொல்லமாட்டான் சார். அவன் வண்டியிலயும் பிள்ளைங்கதான்."

சுந்தரமூர்த்தி விண்ணப்பத்தை எடுத்து மடித்தார். கன்னியப்பன் கதவருகே வந்து நின்றிருந்தார். எவ்வளவு கேட்டிருந்தாரோ தெரியவில்லை.

"இன்னாப்பா, நாளையிலேர்ந்து அனந்தபுரம் ரூட்டு உனக்கு. சரிதானே?" என்றார் சுந்தரமூர்த்தி.

"ஆக்டிங்னா வரேன் சார். பர்மனென்ட்னா வேற ஆளப் பாருங்க."

"யோவ், ரெண்டு தடவ வந்து கெஞ்சினியே!"

"கெஞ்சினேன். காலியா இருந்தா குடுங்கன்னு கேட்டேன். இது காலி இல்லியே." கன்னியப்பன் காதைச் சொறிந்தார். "அண்ணன் வர்ற வரைக்கும் ஓட்டறேன். என் வூட்டுக்காரி கேட்டா திட்டுவா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

வேலை கேட்டு வந்தவன் வேண்டாம் என்று சொல்வதைச் சுந்தரமூர்த்தி அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூணு மாசம். சம்பளம் வூட்டுக்கு வரும். கன்னியப்பன் கூலி பள்ளிக்கூடத்துக் கணக்கு. ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் ஸ்டியரிங். இல்லன்னா வாட்ச்மேனா கேட்டுல உக்காரு. இங்கதான் இருப்ப." பிறகு இன்னும் மெல்லச் சொன்னார்: "மத்தவங்ககிட்டயும் சொல்லு. உடம்புக்கு ஒண்ணுன்னா முதல்ல எங்கிட்ட வரணும்னு."

லாரன்ஸ் கும்பிட்டார். வராந்தாவுக்கு வந்ததும் கன்னியப்பன் கையைப் பிடித்தார்.

"நான் இளையபெருமாளுக்கு என்னா செஞ்சேன்னு தெரியுமாடா?"

"செஞ்சிக்கே தெரியும்ணே."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதாலதான்" என்றார் கன்னியப்பன். "போய் சாப்புடுண்ணே. மூஞ்சி வெளுத்திருக்குது."

சாயங்காலம் அதே பேருந்தில் லாரன்ஸ் வீட்டுக்குப் போனார். இரண்டாவது இருக்கையில் ஜன்னலோரம். பையோடு ஏறிய மோனிகா அவரை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அங்கிள், நீங்க ஏன் ஓட்டல?"

"எனக்கு லீவு, கண்ணு."

"எத்தினி நாளு?"

"மூணு மாசம்."

"மூணு மாசமா!" பிள்ளை கண்ணை அகல விரித்தது. "எனக்கும் குடுக்கச் சொல்றீங்களா?"

லாரன்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றுவிட்டது. வியாழக்கிழமை இன்னும் வரவில்லை. நெஞ்சைத் திறப்பார்கள், கருவியை வைப்பார்கள், அது ஓடுமோ ஓடாதோ. அந்தப் பயம் அப்படியேதான் இருந்தது. மீனம்பாள் எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ரைட் சொன்னாள். லாரன்ஸ் ஒரு கையால் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார், மறுகையைப் பிள்ளை விழாமலிருக்கக் குறுக்கே வைத்தார்.